அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் வரை: மடியில் குழந்தை, முதுகில் ஊசி

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். "படவேடு எழுதினீர்கள், சாத்தனூர் அணை எழுதினீர்கள், மலையைச் சுற்றுகிற பாதையிலேயே குடியிருந்துகொண்டு கிரிவலம் பற்றி ஏன் எழுதவில்லை?" பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலை ஒட்டி ஊர் ஊராக ஜனம் நடந்துபோகிற இடத்தில் இருப்பவனுக்கு அது ஒரு பயணமாகத் தோன்றியதே இல்லை. போன ஆவணிப் பௌர்ணமி அன்றுதான் தோன்றியது. அன்று நாங்களும் அந்தக் கூட்டத்தோடு போனோம். முழுச் சுற்று இல்லை. அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் வரை, சுமார் ஆறு கிலோமீட்டர். சாமி கும்பிட இல்லை. என் பேத்தி தேவகியின் மகனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடலை மண்டியில் மூட்டை தூக்கியே வயதானவன். நான் சொல்லச் சொல்ல தேவகிதான் போனில் தட்டுகிறாள். என் பேச்சை எழுத்தாக்குகிறவளும் அவள்தான். இந்த முறை அவளுடைய பிள்ளையைப் பற்றியே அவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வாய் வரவில்லை. "எதையும் வுடாத தாத்தா. நடந்ததை நடந்த மாதிரி சொல்லு. கொறமாசப் புள்ளைய வெச்சிகினு யாராவது படிப்பாங்க" என்று அவளே சொன்ன பிறகுதான் ஆரம்பிக்கிறேன்.

தேவகிக்கு இரட்டைக் குழந்தைகள். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டன. பெண் முதலில், பையன் பின்னால். இரண்டையும் சேர்த்துத் தூக்கினாலும் என் ஒரு கையில் அடங்கும். பெண்ணுக்குக் குடல் பழுதாகி வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். மூச்சுக் குழாய் போட்டது போட்டபடி இருந்தது, எடுக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. குடல் முன்பே செத்துப்போயிருந்தது என்று அந்த டாக்டர் தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து 'மயக்கம்' என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. "மயக்கத்துலயே போயிட்டா" என்பதுதான் அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

பையன் இங்கேயே, குறைமாதக் குழந்தைகளை வைக்கிற வார்டில் பல வாரம் கிடந்தான். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூச்சு விட மறந்துவிடுவான். தூங்கிக்கொண்டே இருப்பான், நெஞ்சு ஏறி இறங்கும், திடீரென்று நின்றுவிடும். அப்போது பாதத்தில் விரலால் சுண்ட வேண்டும். சுண்டினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, மறுபடி மூச்சு விடுவான். வார்டு சிஸ்டர் எல்லாத் தாய்மாருக்கும் இதைக் கற்றுக்கொடுத்திருந்தார். பிள்ளை பெற்ற மற்ற பெண்களுக்குத் தாலாட்டு வருகிற மாதிரி தேவகிக்கு இந்தச் சுண்டுதல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், கை தானாகப் போய் அவன் பாதத்தைச் சுண்டும். அவள் மாமியார் காசியம்மா, "புள்ளையா, மத்தளமா அது?" என்று கேட்பாள்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அடிவயிற்றுக்குக் கீழே, வலது தொடைச் சந்தில் ஒரு புடைப்பு. அழுதால் வரும், அடங்கினால் போய்விடும். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குடலிறக்கம். மூட்டை தூக்கி எனக்கு வந்ததும் அதே பக்கம்தான்.

"உங்க வம்சத்து சொத்து மாமா. நெலம் எழுதி வெக்காட்டியும் இத எழுதி வெச்சிட்டீங்க" என்றாள் காசியம்மா.

குறைமாதப் பையன்களுக்கு இது சகஜம், கொஞ்சம் கனம் ஏறட்டும், ஆபரேஷன் செய்யலாம், அதற்குள் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாக நின்றுவிட்டால் உடனே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது நின்றது ஆவணிப் பௌர்ணமி அன்று, சாயங்காலம்.

கிரிவலம் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பௌர்ணமி அன்று மத்தியானத்துக்கு மேல் எங்கள் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். நீங்கள் நடப்பதற்காக. அது நியாயம்தான். ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன. வீடுகளுக்குள் பிள்ளை பெற்றவர்களும் நெஞ்சு வலிக்காரர்களும் இருக்கிறார்கள். ஐந்து மணிக்குப் பையன் பச்சையாக வாந்தி எடுத்தான். புடைப்பு சிவந்து, தொட்டால் வீறிட்டான். ஆம்புலன்சுக்குச் சொன்னோம், கூட்டத்தைத் தாண்டி வர நேரமாகும் என்று நேர்மையாகச் சொன்னார்கள். பக்கத்துத் தெரு செல்வம் தன் ஆட்டோவை எடுத்தான்.

"ஏறுங்க. நிறுத்தினா நான் பேசிக்கிறேன்" என்றான்.

தேவகியின் புருஷன் சேகர் ஓசூரில் வேலை. அவன் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. ஆட்டோவில் தேவகி, குழந்தை, காசியம்மா, நான். செல்வம் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கூட்டம் விலகியது, மூடியது, விலகியது. பாதையில் இருக்கிற எட்டு லிங்கக் கோயில்களில் வாயு லிங்கம் ஒன்றைத் தாண்டவே வெகு நேரம் ஆனது. சாதாரண நாளில் வேங்கிக்காலுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய், கால் மணி நேரம். அன்று குபேர லிங்கத்துக்கு முன்னாலேயே தடுப்பு. ஒரு போலீஸ்காரர் வந்து, "வண்டி போகாது" என்றார். செல்வம் பேசினான். அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தடுப்பை இழுத்துவிட்டார். ஆனால் அவர் விட்டாலும் வழி இல்லை. குபேர லிங்கத்து வாசலில் மனிதச் சுவர்.

இறங்கி நடந்தோம். நான் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தேவகி என் முதுகை ஒட்டி, பின்னால் காசியம்மா. ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "கைக்குழந்தையோட சுத்தறீங்களா? ரொம்பப் புண்ணியம்" என்றாள். தேவகி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அம்மாளைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு என்ன தெரியும். இன்னொருவர் விபூதியை நீட்டி நெற்றியில் பூச வந்தார். குழந்தை அப்போது அழுவதை நிறுத்தியிருந்தான். அழும்போது பயமாக இருந்தது. நின்றதும் அதைவிடப் பயம். தேவகி நடந்துகொண்டே சுண்டினாள். கால் இழுத்துக்கொண்டது. பத்தடி நடந்தாள், சுண்டினாள். எனக்குப் பின்னால் அந்தச் சின்ன முனகல் ஒவ்வொரு முறையும் கேட்டது. மலை வலது பக்கம் வந்துகொண்டே இருந்தது. நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஈசான்ய லிங்கத்துப் பக்கம் வந்து வேறொரு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது ஏழு மணி ஆகப்போகிறது. ஆறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம்.

அறுவை டாக்டர் குழந்தையின் கால் பக்கத்தை உயர்த்தி, வலிக்கு ஏதோ மருந்து கொடுத்து, இரண்டு விரலால் அந்தப் புடைப்பை அழுத்திக்கொண்டே நின்றார். முரட்டுத்தனமாக இல்லை, மாவு பிசைகிற மாதிரிகூட இல்லை, பிடித்தபடி வெறுமனே நின்றார். வெகு நேரம் கழித்து உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் போல ஒன்று கேட்டது. குடல் உள்ளே போய்விட்டது. "மறுபடி மாட்டும். வீக்கம் வாடட்டும், நாளன்னிக்குக் காலைல ஆபரேஷன். இனிமே தள்ளிப் போட முடியாது" என்றார்.

மறுநாள் சேகர் வந்துவிட்டான். மத்தியானம் மயக்க டாக்டர் வந்தார். பெண் டாக்டர், சின்ன வயது. எங்கள் பக்கத்தில் மயக்க மருந்து கொடுக்கிறவரை எல்லோரும் மயக்க டாக்டர் என்றுதான் சொல்வோம். அவரைப் பார்த்ததுமே தேவகி குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தையின் சரித்திரம் பூராவும் கேட்டார். கூடப் பிறந்தவள் போனதையும் கேட்டார். கேட்டுவிட்டு நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்:

"பயப்படாதம்மா. இவனுக்கு நான் மயக்கம் குடுக்கப் போறதில்ல."

இரண்டு பேர் காதில் இரண்டு விதமாக விழுந்தது அது.

"அப்பாடா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் காசியம்மா.

தேவகிக்கு முகம் வெளுத்துவிட்டது. "மயக்கம் குடுக்காமலே அறுப்பீங்களா? முழிச்சிகினு இருக்கும்போதேவா? அவன் சத்தம் போட மாட்டான் டாக்டர், தெம்பு கெடையாது அவனுக்கு. வலிச்சாலும் உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

டாக்டர் பதறிவிட்டார். "ஐயோ, அப்படி இல்லம்மா. முதுகுல ஒரு சின்ன ஊசி. இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். வலி ஒண்ணும் தெரியாது. முழிப்பு மட்டும் இருக்கும்."

இப்போது காசியம்மாவுக்குக் கும்பிட்ட கை இறங்கிவிட்டது. "முதுகுலயா? வேணாம் டாக்டரம்மா. இவன் பொறக்கும்போது" என்று சேகரைக் காட்டினாள், "எனக்கு முதுகுல போட்டாங்க. இன்னி வரைக்கும் குனிஞ்சு ஒரு கொடம் தூக்க முடியல."

"தூக்காமலா இருந்தீங்க?"

"தூக்காம? யாரு தூக்குவா? தெனம் இருவது கொடம்."

"அதாம்மா வலிக்குது" என்றார் டாக்டர். சேகர் சிரித்துவிட்டான். காசியம்மா அவனை முறைத்தாள்.

அப்புறம் டாக்டர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வயிற்றில் முழு மாதம் இருக்காத பிள்ளைக்கு மூச்சு விடுவதே இன்னும் சரியாகப் பழகியிருக்காது. முழு மயக்கம் கொடுத்தால், ஆபரேஷன் முடிந்த பிறகும் மூச்சு விட மறக்கிற புத்தி ஜாஸ்தியாகும். குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியும் வரலாம். முதுகுத்தண்டு நீரில் ஊசி போட்டால் கீழ்ப்பாதி மட்டும் மரக்கும். மேல்பாதி அதுபாட்டுக்கு மூச்சு விடும். "ஆனா மூச்சு நிக்கவே நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த ஆபத்து கம்மியாகும். அவ்வளவுதான். ஒரு முழு நாள் மெஷின்ல பாத்துகிட்டே இருப்போம்" என்றார்.

தேவகி கேட்டது ஒன்றே ஒன்று. "மரத்துப் போச்சுன்னு அவன் எப்படி டாக்டர் சொல்லுவான்?"

"கால் சொல்லும்மா. உதைக்கிறது நின்னு தொய்ஞ்சு போயிடும். அதப் பாத்துதான் கத்தியவே எடுப்பாங்க."

அவள் அப்போதும் சம்மதிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "உனக்குப் போட்டாங்களே தாத்தா, முதுகுல. எப்படி இருந்துச்சு?"

நான் மறக்கிறவன் இல்லை. மறக்கத் தெரிந்தால் நன்றாக இருக்கும். மண்டியில் இருந்த காலத்தில் எனக்கு ஆபரேஷன். குந்தவைத்துக் குனியச் சொல்லி முதுகில் குத்தினார்கள். காலில் வெந்நீர் ஊற்றினது போலச் சூடு ஏறியது, பிறகு ஒன்றும் இல்லை. யாரோ ஒரு காலைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பக்கத்தில் படுத்திருப்பவன் கால் என்று நினைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. டாக்டர்கள் மாம்பழ விலையைப் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். வயிற்றில் இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. இதைத்தான் தேவகியிடம் சொன்னேன். "கால் உன்னுது இல்லாத மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் இல்ல. வலி இல்ல" என்றேன்.

கடைசித் தையலைச் சொல்லவில்லை. மருந்து தீர்ந்துபோய், எறும்பு கடிக்கிற மாதிரி ஆரம்பித்து, ஊசி ஏறி நூல் இழுபடுவது வரைக்கும் தெரிந்தது எனக்கு. அதை டாக்டரம்மாவிடம் மட்டும் வாசலில் தனியாகக் கேட்டேன். "பாதியில வுட்டுப் போச்சுன்னா?"

அவர் மழுப்பவில்லை. "குழந்தைங்களுக்குப் பெரியவங்களவிடச் சீக்கிரம் தீரும் ஐயா. ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதுக்குள்ள முடிக்கணும். முடியலன்னா முழு மயக்கத்துக்குத்தான் போகணும்."

இதைத் தட்டும்போது தேவகி நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும் தாத்தா. அன்னிக்கே உன் மூஞ்சில எழுதியிருந்துச்சு" என்றாள். எழுத்தே தெரியாதவன் மூஞ்சியில் எதைப் படித்தாளோ. தெரிந்துதான் ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

ஆபரேஷன் அன்று காலை தாய்ப்பாலை நாலு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். பசியில் அழுகிற பிள்ளையை மார் கனக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் தேவகி. காசியம்மா நைசாக ஒரு விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு வந்தாள். சேகர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். வயிற்றில் எது இருந்தாலும் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். முதுகில் ஒரு களிம்பைத் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டினார்கள், ஊசி குத்தும் இடம் முன்கூட்டியே மரக்கட்டும் என்று. எட்டரை மணிக்கு உள்ளே எடுத்துப் போனார்கள்.

உள்ளே நடந்தது சிஸ்டர் பிற்பாடு சொன்னது. குழந்தையை உட்கார வைத்து, தலை தொங்காமல் ஒருவர் தாங்கிக்கொள்ள, மயக்க டாக்டர் முதுகில் ஊசி போட்டாராம். பல் குத்துகிற குச்சியைவிட மெல்லிய ஊசி. வீல் என்று ஒரு சத்தம். அப்புறம் கால் இரண்டும் துணி மாதிரி விழுந்துவிட்டன. டிரிப்ஸ் ஊசியையும் அந்த மரத்த காலிலேயே ஏற்றினார்களாம், வலிக்கக் கூடாது என்று. வாயில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சுத் துணி முனை. அதைச் சப்பிக்கொண்டே கண்ணை விழித்து விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். காசியம்மாவுக்குக் கோபம். "நான் தொட்டு வெச்சா தப்பு, அவங்க வெச்சா வைத்தியமா?" என்றாள். நாலு சொட்டு, அதுவும் டாக்டர் கண் முன்னால் என்று சிஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆனது. அறுவை டாக்டர் வெளியே வந்தார். வலது பக்கம் முடிந்தது. இடது பக்கமும் திறப்பு இருக்கிறது, அதைச் செய்ய ஊசியின் நேரம் போதாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். பிறகு சேகரைத் தனியே கூப்பிட்டார். குடல் மாட்டியிருந்த நேரத்தில் வலது விதைக்கு ரத்தம் போகாமல் கறுத்திருக்கிறது. எடுக்கவில்லை, விட்டு வைத்திருக்கிறோம். பிழைக்கலாம், சுருங்கியும் போகலாம் என்றார். சேகர் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். நான் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தேன். இன்னமும் நினைக்கிறேன். கால் மணி நேரத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

குழந்தையைப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து தேவகியை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கதவுக் கண்ணாடியில் நின்றிருந்தேன். முழித்துக்கொண்டுதான் இருந்தான். அவளைப் பார்த்து வாயைக் குவித்தான். அவள் முகத்தில் எத்தனையோ வாரத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அவன் கண்ணை மூடினான். அசதி. சிஸ்டர் அடுத்த கட்டில் பக்கம் திரும்பினார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நின்றது.

தேவகியின் கை தானாகப் போனது. பாதத்தைச் சுண்டினாள்.

கால் அசையவில்லை.

மறுபடி சுண்டினாள், பலமாக. கால் இந்தப் பக்கம் சாய்ந்து அப்படியே கிடந்தது. மற்ற காலைச் சுண்டினாள். அதுவும் அப்படித்தான். நான் அந்தக் காலை முன்பே பார்த்திருக்கிறேன். துணியில் சுற்றிக் கொடுத்த பெண் குழந்தையையும் அவள் பஸ்ஸில் வழி நெடுக இப்படித்தான் சுண்டிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை, எப்படித் தடுப்பது.

"போயிட்டான்! தாத்தா, இவனும் போயிட்டான்!"

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். அதே நேரத்தில் மெஷினும் கத்தத் தொடங்கியது. மயக்க டாக்டர் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. தேவகியின் கையைத் தட்டிவிட்டு, குழந்தையின் நெஞ்சையும் முதுகையும் இரண்டு விரலால் அழுத்தித் தேய்த்தார். தாடையைத் தூக்கினார். ஒரு நொடி. இன்னொரு நொடி. அவன் விக்கலைப் போல ஒரு மூச்சு இழுத்தான், முகம் கோணியது, அழுதான். மேல்பாதி மட்டும் அழுதது. கை இரண்டும் துடித்தன. கால் இரண்டும் யாருடையதோ போலக் கிடந்தன.

"கால்ல தட்டாதம்மா" என்றார் டாக்டர். அவருக்கும் மூச்சு வாங்கியது. "அவன் இங்கதான் இருக்கான். கால்தான் இன்னும் வந்து சேரல. நெஞ்சத் தடவு. இங்க. கையக் குடு." தேவகியின் விரலைப் பிடித்துத் தானே தடவிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

நானும்தான் சொல்லியிருக்க வேண்டும். கால் நம்முடையது இல்லாத மாதிரி இருக்கும் என்று சொன்னவன், அந்தக் காலைச் சுண்டினால் பதில் வராது என்று யோசிக்கவில்லை. தேவகிக்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிய இருந்த ஒரே வழி அந்தப் பாதம்தான்.

அன்று சாயங்காலம் இன்னொரு தடவை மூச்சு நின்றது. அதற்குள் கால் வந்து சேர்ந்திருந்தது. முதலில் கட்டை விரல், அப்புறம் கணுக்கால். சிஸ்டர் சுண்டினார், இழுத்துக்கொண்டான். அதன் பிறகு நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். பௌர்ணமி முடிந்து ரோடு காலியாக இருந்தது. கால் மணி நேரம்தான் ஆனது.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கும் வரலாம் என்பதால் சிலது சொல்கிறேன். குறைமாதத்துப் பையனுக்குத் தொடைச் சந்தில் புடைப்பு வந்தால் ஓதம், நீர் இறங்கிய வீக்கம், தானாக வாடும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். காட்டி வையுங்கள். அது கெட்டியாகி, பச்சை வாந்தி வந்தால் ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. பௌர்ணமி, தீபம் போன்ற நாட்களில் கிரிவலப் பாதையில் குடியிருக்கிறவர்கள் அப்படி ஒரு பிள்ளையை வைத்திருந்தால், முந்தின நாளே வேங்கிக்கால் பக்கமோ டவுனிலோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. நடந்து வருகிறவர்கள், ஹாரன் கேட்டால் திட்டாமல் ஒதுங்குங்கள். ஆஸ்பத்திரியில் 'மயக்கம் இல்லை' என்று சொன்னால் வலியோடு அறுப்பார்கள் என்று அர்த்தம் இல்லை. எது மரக்கும், எது முழித்திருக்கும், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள். மறக்காமல் இன்னொன்றும் கேளுங்கள். ஊசியின் வேகம் தீரும் வரைக்கும் மூச்சு நின்றால் எங்கே தொட்டு எழுப்ப வேண்டும் என்று.

வலது பக்கம் சுருங்கித்தான் போனது. இடது பக்கம் இன்னும் பாக்கி. அடுத்த முறை போகும்போது வளர்ந்திருப்பான், மூச்சும் பழகியிருக்கும், அப்போது முழு மயக்கமே கொடுக்கலாம் என்று மயக்க டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை அவர் சொன்னபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இவ்வளவும் தட்டிவிட்டு தேவகி போனைக் கீழே வைத்தாள். தூளி ஆடாமல் நின்றிருந்தது. எழுந்து போய்த் துணியை விலக்கி, உள்ளே கையை விட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூளிக்குள்ளிருந்து அழுகை கிளம்பியது.

"தூங்கற புள்ளய எழுப்பி வுட்டியா? ஒனக்கு இன்னா வேற வேலை?" என்று உள்ளிருந்து கத்தினாள் காசியம்மா.

தேவகி திரும்ப வந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"சொல்லு தாத்தா. அப்பால?"

அப்பால ஒன்றும் இல்லை. அழுகிறான் பார், தூக்கு என்றேன்.